பேச்சு எங்கே போச்சு

சத்தத்தைச் சரிபார்க்கக் கூப்பிட்ட வீட்டில் காலணியை வாசல் மிதியடியில் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த வீட்டுக்காரர் தினமும் எந்த இடத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பாரோ அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார் வெர்னாக்கா. கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டார். "உங்க குழி எது?" என்று மட்டும் கேட்பார். சோபாவில் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்குமே, அதுதான் குழி. அதில் உடம்பைப் பொருத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ம், இப்ப போடுங்க. வெடி, சண்டை, குதிரை எதுவும் வேண்டாம். ரெண்டு பேரு அடுக்களையில நின்னு பேசற மாதிரி ஒரு இடம் இருந்தா போடுங்க" என்பார்.

வீட்டுக்காரருக்குப் பொறுமை இருக்காது. சத்தம் போதாமல்தானே அக்காவையே கூப்பிட்டது. கை தன்னால் சத்தத்தைக் கூட்டப் போகும். கண்ணைத் திறக்காமலேயே அக்காவுக்கு அது தெரிந்துவிடும். "கையை எடுங்க. கூட்டறதுக்கு நான் எதுக்கு, நீங்களே போதுமே. கூட்டாதீங்க. எங்க போச்சுன்னு தேடுவோம்."

அமெரிக்காவின் வடகோடியில், பனி கொட்டும் ஹான்காக் ஊரிலும் கால்வாய்க்கு அந்தப் பக்கமும் வெர்னா காங்கஸைத் தெரியாத வீடு கிடையாது. இருபத்தேழு வருஷம் கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். விடிவதற்குள் உங்கள் தெருவைத் திறந்துவிட்டவரும் அவர்தான், நீங்கள் இடுப்பொடிய வாரி முடித்த வாசலை மறுபடி மார்பளவுக்கு மூடிவிட்டுப் போனவரும் அவர்தான். அதற்காக அவரைத் திட்டாத ஆள் இல்லை. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்குத் திட்டிய அதே வாய்கள்தான் இப்போது, "வெர்னாக்கா, படம் போட்டா பேச்சே கேக்க மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று குழைகின்றன. அக்கா எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவர் இல்லை. ஆனால் ஞாபகம் மட்டும் பலே ஞாபகம். "ஓ, அந்தச் சிவப்புத் தபால்பெட்டி வீடா?" என்பார். எந்த வீட்டுத் தபால்பெட்டியை எந்த வருஷம் தன் வண்டி இடித்துச் சாய்த்தது என்பது அவருக்கு வரிசையாகத் தெரியும்.

வண்டி ஓட்டினவருக்கும் கம்ப்யூட்டர் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். "புயல்ல கண்ணுக்கு என்ன தெரியும்? வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியாது. கீழ பனியைத் தள்ளற கத்தி உரசற சத்தத்தை வச்சுத்தான் ஓட்டணும். தாரா, ஐஸா, சாக்கடை மூடியா, எவனாவது புதைஞ்சு போன காரை விட்டுட்டுப் போயிருக்கானா, எல்லாம் காதுலதான்." தன் காதைப் பற்றி அக்காவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவருடைய கருவிப் பை, வேலை பார்த்த காலத்தில் சாப்பாடு கொண்டுபோன அதே பைதான். இன்னும் லேசாக வெங்காய வாசனை அடிக்கும். உள்ளே ஒரு டார்ச், பெயின்ட் பிரஷ் ஒன்று, திருப்புளிகள், பெயர் எழுதி ஒட்டுவதற்குக் காகிதப் பட்டை, ஒரு பென்சில். அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ். அதில்தான் அக்காவின் சொந்தக் குரல் இருக்கிறது. வீட்டு நீராவிக் குளியல் அறையான சௌனாவில் அடுப்பு ஆறிய பிறகு, வெளிச் சத்தம் எதுவும் வராத அந்த மர அறையில் உட்கார்ந்து பதிவு செய்தது. ஆறு ஸ்பீக்கருக்கும் தனித்தனி வசனம். "நான் முன்னாடி, இடது பக்கம். என் குரல் வேற எங்கேயாவது வந்தா வயரை மாத்திச் சொருகியிருக்கீங்க." "நான் முன்னாடி, வலது பக்கம். நல்லா இருக்கேன், நீங்க எப்படி?" "நான் நடுவுல இருக்கறவ. நான் இல்லேன்னா படத்துல யாரும் வாயே திறக்க முடியாது." இப்படிப் போகும். தரையில் உட்கார்ந்து அதிர்கிற பெரிய பெட்டிக்கு அக்கா வைத்த பெயர் தடியன். தடியனுக்குப் பேச்சு வராது என்பதால் அதற்கு மட்டும் தன் பழைய வண்டியின் எஞ்சினைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். பணிமனைக்குப் போய், பழைய சிநேகிதர்களிடம் கெஞ்சி, சாவியை வாங்கி முடுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது.

இன்னொரு விசித்திரம். ஊரில் யாரும் பார்க்காத அளவுக்குப் படம் பார்த்திருப்பவர் அக்காதான். ஆனால் ஒன்றைக்கூட முடிவு வரை பார்த்ததில்லை. எல்லாவற்றிலும் நடுவிலே பத்து நிமிஷம், யாராவது இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடம். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிடுவார். "அந்தப் பொண்ணு அவனைக் கட்டிக்கிட்டாளா? கட்டியிருக்க மாட்டா. அவன் அவ பேசும்போது அலமாரியைத் துழாவிக்கிட்டு இருந்தான்." முக்கால்வாசி நேரம் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

ஜனங்கள் செய்கிற கூத்துகளையும் அக்கா கதை கதையாகச் சொல்வார். மேட்டுத் தெரு லெம்பிக்குத் திடீரென்று கம்ப்யூட்டரில் எல்லாச் சத்தமும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிட்டது. பாட்டு, படம், செய்தி எல்லாம். காதில் எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறார். ஸ்பீக்கருக்குள் தூசி என்று உறிஞ்சும் மெஷினை வைத்து உறிஞ்சிப் பார்த்திருக்கிறார். அக்கா போய்க் குழியில் உட்கார்ந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஃப்ளோரிடாவில் இருக்கும் தங்கையிடம் முகம் பார்த்துப் பேசிவிட்டு, லெம்பி அழைப்பை முடிக்கவே இல்லை. ஒன்பது நாளாகத் திறந்தபடியே கிடக்கிறது. அழைப்பு இருக்கும்போது மற்றச் சத்தத்தையெல்லாம் அடக்கி வைப்பது கம்ப்யூட்டரின் மரியாதை. "அது பாவம், ஒன்பது நாளா எல்லாரையும் உஷ்ஷு உஷ்ஷுன்னு அடக்கிக்கிட்டு இருக்கு," என்று அக்கா சொல்லி வாயை மூடவில்லை, ஃப்ளோரிடாவிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "வெர்னாவா வந்திருக்கறது? இவ சத்தமா குறட்டை விடறான்னு கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

இத்தனை கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்த அக்காவின் நாட்களில், மார்ச் கடைசியில் ஒரு புதன்கிழமை கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. காலை எட்டு மணிக்கு மார்லிஸ் ஹௌடலா போன் செய்தார். மார்லிஸும் அக்காவும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

"வெர்னா, இன்னிக்கு உனக்கு வேலை இருக்கா?"

"விஷயத்தைச் சொல்லுடி."

"இவர் கீழ உக்காந்து படம் போட்டா மேல என் அலமாரில தட்டெல்லாம் ஆடுது. நேத்து நீலத் தட்டு ஒண்ணு நகந்து நகந்து ஓரத்துக்கே வந்துடுச்சு. நல்லவேளை பாத்தேன். குறைச்சு வைங்கன்னு கத்தினா, கேக்கலங்கறார். கேக்கலைன்னா தட்டு ஏன் ஆடுது?"

"நியாயமான கேள்வி," என்றார் அக்கா.

மார்லிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தட்டு கிடக்கட்டும்டி. மனுஷன் ஒரு மாதிரியா இருக்கார். எதுக்கெடுத்தாலும் தலையை ஆட்டிட்டுப் போயிடறார். நாப்பத்தஞ்சு வருஷத்துல நான் சொன்னதுக்கெல்லாம் சரின்னு சொன்னதே இல்ல, இப்ப சொல்றார். எனக்குப் பயமா இருக்கு."

மார்லிஸின் கணவர் எல்டன் ஹௌடலா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் அவருக்கும் அக்காவுக்கும் தபால்பெட்டி விஷயமாக முப்பது வருஷச் சண்டை. அதைவிட முக்கியம், சர்ச்சின் பாட்டுக் குழுவை முப்பத்தொரு வருஷமாக நடத்துகிறவர் அவர். வெர்னாக்காவுக்கு அந்தக் குழுவில் கடைசி வரிசை, தாழ்ந்த குரல் பாடும் பெண்களில் ஓரத்து நாற்காலி. ஜனவரியிலிருந்து குழுவில் எல்லோருக்கும் தொண்டை கட்டிக் கிடக்கிறது. "இன்னும், இன்னும், எனக்குக் கேக்கல" என்று எல்டன் இரண்டு கையாலும் வாரி வாரி மேலே தூக்குகிறார். முன்வரிசைப் பெண்கள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார்கள். போன மாதம் தாலாட்டு மாதிரி ஒரு மெல்லிய பாட்டை அவர்கள் பாடியதில் ஒரு கைக்குழந்தை அலறிக்கொண்டு எழுந்துவிட்டது. ஈஸ்டருக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. தட்டையும் தொண்டையையும் சேர்த்துப் பார்த்த அக்கா, காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

எல்டனின் படம் பார்க்கும் இடம் வீட்டின் கீழ்த்தளத்தில், சௌனாவுக்குப் போகும் வழியில். சாய்வு நாற்காலி ஒன்று, எதிரில் பெரிய திரை, திரைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன ஸ்பீக்கர், தரையில் தடியன். காலை நீட்டிக்கொள்ள ஒரு அட்டைப்பெட்டி, அதன்மேல் மடித்துப் போட்ட போர்வை. எல்டன் எழுந்து நின்றார். வழக்கமாக அக்காவைக் கண்டால், "தபால்பெட்டியெல்லாம் சௌக்கியமா?" என்று ஆரம்பிக்கிறவர் அன்று ஆரம்பிக்கவில்லை.

"மார்லிஸ் உன்னை வீணா அலைய வச்சுட்டா, வெர்னா. மெஷின்ல ஒண்ணுமில்ல."

"அதை நான் பாத்துக்கறேன். உங்க குழி இதுதானே?"

"உக்காரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன்." மாடிப்படியை ஒரு தரம் பார்த்துவிட்டு எல்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். தபால்காரரல்லவா, உறையின் மேல் பெயரை ஒழுங்காக, நடுவில், கோணாமல் எழுதியிருந்தார். பாஸ்டருக்கு. "என் காது போயிடுச்சு. ஜனவரியிலேருந்தே தெரியும். படத்துல மழை கேக்குது, கார் கேக்குது, மனுஷங்க பேசறது மட்டும் கேக்கல. பேச்சுதான் முதல்ல போகுமாம், புத்தகத்துல படிச்சேன். காது கேக்காதவன் பாட்டுக் குழுவை வச்சுக்கிட்டு என்ன பண்றது? இன்னிக்குச் சாயங்காலம் ஒத்திகைக்கு முன்னாடி இதைக் கொடுத்துடப் போறேன். மார்லிஸ்கிட்ட இன்னும் சொல்லல."

அந்தக் குழு இல்லாத எல்டனை அக்காவால் நினைத்தே பார்க்க முடியவில்லை. வாரம் பூராவும் காத்திருந்து, அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே முகம் சவரம் செய்துகொள்கிற மனுஷன். ஆனாலும் அக்காவுக்கு ஆறுதல் சொல்லி வராது. "எழுதினது எழுதினதா இருக்கட்டும், அண்ணே. முதல்ல ஒரு படத்தைப் போடுங்க. ரெண்டு பேரு அடுக்களையில நின்னு பேசற இடமா."

எல்டன் போட்டார். சத்தத்தின் அளவு திரையில் தொண்ணூறைக் காட்டியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மழை பெய்தது, இடது பக்கமும் வலது பக்கமும். எங்கோ கெட்டில் கொதித்தது. தட்டை யாரோ மேஜையில் வைத்தார்கள். ஆனால் பேச வேண்டிய இரண்டு பேரும், சுவருக்கு அப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல் ஏதோ முணுமுணுத்தார்கள்.

"என்ன பேசறாங்க?" என்று கேட்டார் எல்டன். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. எனக்கும்தான் கேக்கல."

எல்டன் அவரையே பார்த்தார். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?"

"நான் என்னிக்கு உங்க மனசு நோகாம பேசியிருக்கேன்?"

அது எல்டனுக்கும் நியாயமாகப் பட்டது. அவர் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். மூன்று மாதமாக அவர் இந்த அறையில் தனியாகத்தான் படம் பார்த்திருக்கிறார். மார்லிஸுக்கு மேலே தனியாக ஒரு தொலைக்காட்சி. இன்னொரு ஜோடிக் காது அந்த நாற்காலிக்கு வந்ததே இல்லை.

அக்கா பென் டிரைவைச் சொருகினார். "நான் முன்னாடி, இடது பக்கம்" என்று இடது ஸ்பீக்கர் ஒழுங்காகச் சொன்னது. வலது ஸ்பீக்கர் நலம் விசாரித்தது. அடுத்து நடுவில் இருக்கிறவள் பேச வேண்டும். பேசவில்லை. அடுத்துத் தடியனின் முறை. பனி வண்டி எஞ்சின் பிடித்ததும் தரை அதிர்ந்தது, மேலே தட்டுகள் ஜலஜலவென்றன, மார்லிஸ் துடைப்பக் கட்டையால் தரையை இரண்டு இடி இடித்தார். அப்புறம் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு பேர். ஒரு மூச்சுக்கூட வரவில்லை.

"மூணு பேரைக் காணோம்," என்றார் அக்கா. "அண்ணே, உங்ககிட்ட எத்தனை ஸ்பீக்கர்?"

"ஆறு."

"எத்தனை?"

"ஆறும்மா. பெட்டி மேலயே போட்டிருக்கு. கம்ப்யூட்டரும் கேட்டுது, எத்தனை ஸ்பீக்கர்னு. ஆறுன்னு அழுத்தினேன். எனக்குப் பொய் சொல்ற பழக்கம் இல்ல."

"பெட்டியில ஆறு. ரூம்ல?"

எல்டனின் கண் மெதுவாக இறங்கி அக்காவின் காலுக்குக் கீழே வந்து நின்றது. அக்கா போர்வையை எடுத்தார். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஆறு என்றுதான் போட்டிருந்தது. உள்ளே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், மூன்று சின்ன ஸ்பீக்கர்கள் தூங்கிக்கொண்டிருந்தன.

"மார்லிஸ்தான் கம்பளத்து மேல வயர் போகக் கூடாதுன்னா. சௌனாவுக்குப் போறவங்க தடுக்கி விழுவாங்கன்னு. அதான் மூணையும் உள்ள வச்சுட்டேன்."

"பின்னாடி வைக்கற ரெண்டுக்குத்தான் கம்பளத்தைத் தாண்டணும். நடுவுல இருக்கறது திரைக்குக் கீழ உக்காரும். அதுக்கு வயர் ஒரு முழம்கூட வேண்டாம்." அக்கா அந்த நடு ஸ்பீக்கரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "படத்துல பேச்சு முக்காவாசி இவ வாயிலதான் வரும். கம்ப்யூட்டர் உங்க பேச்சை நம்பி, வசனத்தையெல்லாம் ஒழுங்கா இவளுக்கு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க இவ மேல காலைப் போட்டுக்கிட்டு, காது போச்சுன்னு உக்காந்திருக்கீங்க. மூணு மாசமா."

எல்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பிக்கை வந்துவிடுமோ என்ற பயம்தான் முகத்தில் இருந்தது.

முதலில் சுலபமான வழியைப் பார்ப்போம் என்று அக்கா கம்ப்யூட்டரில் ஆறை இரண்டாக மாற்றினார். அதே மழை, அதே அடுக்களை. இந்தத் தடவை பேச்சு வந்தது. ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல் வந்தது. எல்டன் முன்னால் குனிந்து, கையைக் காதில் குவித்துக்கொண்டு, மெல்ல நிமிர்ந்தார். "பாத்தியா. இப்பவும் தூரமாத்தான் இருக்கு. மெஷின்ல பாதி, என்கிட்ட பாதி." கை சட்டைப் பைக்குப் போய் உறையைத் தொட்டுப் பார்த்தது.

"பொறுங்க, அண்ணே. அதுக்குள்ள உங்க பாதியை எடுத்துக்காதீங்க. ஆறு பேரு சத்தத்தை ரெண்டு வாயில அடைச்சா வாய் கிழியும். அதுக்குப் பயந்து கம்ப்யூட்டர் எல்லாரையும் அடக்கித்தான் அனுப்பும். அதான் தூரம். இவளை எழுப்பி உக்கார வச்சுட்டுப் பேசுவோம்."

பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். திரைக்குக் கீழே ஸ்பீக்கரை வைத்து, வயரைத் தடியனின் முதுகில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகினார். கம்ப்யூட்டரில் மறுபடி ஆறு என்று வைத்து, பின்னால் இருக்கும் இரண்டு பேர் வரவில்லை என்று அடித்துவிட்டார். பெயர்ப் பட்டையில் "பேசறவ" என்று எழுதி ஸ்பீக்கரின் தலையில் ஒட்டினார். அப்புறம் சத்தத்தைத் தொண்ணூறிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினார். எல்டனை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"அவங்க என்ன பேசறாங்களோ அதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்க."

படம் ஓடியது. எல்டன் திருப்பிச் சொன்னார். "இந்த மழையில போகாதேங்கறா." அக்கா நாற்பதுக்கு இறக்கினார். "டயர் பழசுங்கறா. அவன் புது டயர் போட்டாச்சுங்கறான்." முப்பது. "பொய்ங்கறா." எல்டனின் குரல் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி ஏறிக்கொண்டே வந்தது, மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் கோத்தது. இருபத்தைந்து. "எங்கம்மாவுக்கு போன் பண்ணியாங்கறா." இருபது.

எல்டன் பலமாகச் சிரித்தார். "வெண்ணெய் வாங்க மறந்துட்டானாம். அதுக்குத்தான் இத்தனை சுத்திச் சுத்திப் பேசறான். கேட்டியா, வெர்னா?"

அக்காவுக்கு அது கேட்கவில்லை. மழை கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டேன்," என்றார்.

எல்டன் மாடிப்படி ஏறிப் போய் மார்லிஸைக் கூப்பிடும் நேரத்தில், அக்கா படத்தைப் பின்னால் தள்ளி, சத்தத்தைக் கூட்டி, அதே இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தார். வெண்ணெய்தான். அவன் வெண்ணெய் என்றுதான் சொன்னான். அக்கா மறுபடி இருபதுக்கு இறக்கினார். தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தால் லேசாக வந்தது. இடது காதைக் கொடுத்தால் போய்விட்டது. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற அந்த ஊர் வண்டியில், இருபத்தேழு வருஷம் ஜன்னல் பக்கமாக இருந்த காது அது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கத்தி உரசுவதைக் கேட்டுக் கேட்டு ஓட்டிய காது. தன்னுடைய கருவிப் பையில் இருக்கிற ஒரே நல்ல கருவியை யாரோ தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது போல அக்காவுக்கு ஒரு திகைப்பு.

மேலே மார்லிஸ் ஏலக்காய் ரொட்டியைத் தடித் தடியாக வெட்டி வைத்திருந்தார். எல்டன் அவரிடம் உறையைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மார்லிஸ் முதலில் அழுதார், அப்புறம் திட்டினார். "காது போச்சுன்னு நினைச்சா கட்டினவகிட்ட சொல்ல மாட்டீங்களா? நான் ஏதோ என்னைப் பிடிக்காம போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். எதுக்கெடுத்தாலும் சரி சரின்னா வேற என்ன நினைக்கறது?"

"சரி," என்றார் எல்டன். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

"உங்க பாட்டுக்கு எல்லாம் சரின்னு விட்டுடாதீங்க, அண்ணே. இந்த வயசுல வருஷம் ஒரு தடவை காது டாக்டர்கிட்ட காட்டறது நல்லது," என்றார் அக்கா. "எல்லாருமே காட்டணும்." கடைசிச் சொல்லைக் காப்பிக் கோப்பையிடம் சொன்னார்.

காரில் ஏறியதும் உடனே கிளப்பவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். "நல்லா மாட்டிக்கிட்டடி," என்றார். மூன்று மாதமாகக் குழுவே கத்திக்கொண்டிருந்ததால் தனக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாமல் போனது என்பது அப்போதுதான் உறைத்தது. எல்டனுடைய தப்பில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். இனி கத்த மாட்டார்கள். இவர்தான் அதைச் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வேடிக்கையை நினைத்ததும் அக்காவுக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது. தனியாகக் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார், கொஞ்சம் மூக்கை உறிஞ்சினார், அப்புறம் வண்டியைக் கிளப்பினார்.

சாயங்காலம் ஆறரைக்கு ஒத்திகை. சர்ச்சின் கீழ்க்கூடத்தில் மடக்கு நாற்காலிகள் மூன்று வரிசை. பாஸ்டர் எட்டிப் பார்த்து, "எல்டன், எனக்கு ஏதோ கொடுக்கணும்னு போன்ல சொன்னீங்களே" என்றார்.

எல்டன் சட்டைப் பையைத் தடவினார். "ஈஸ்டர் பாட்டு லிஸ்ட். இன்னும் எழுதலை."

முதல் பாட்டை எடுத்தார்கள். பழக்க தோஷம், குழு மொத்தமும் எடுத்த எடுப்பில் கூரையைப் பிய்த்தது. எல்டன் கையைத் தூக்கி நிறுத்தினார். முகத்தில் வலி தெரிந்தது. "எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

முன்வரிசை ஆர்டிஸ் கரகரத்த குரலில், "நீங்கதானே கேக்கல, கேக்கலன்னீங்க" என்றார்.

"காது போச்சுன்னு பயந்து, கேட்டதையும் நம்பாம நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. எப்படி வந்த தப்புன்னு வெர்னாவைக் கேளுங்க, அவ ஊருக்கே சொல்லாம விடப் போறதில்ல." கூடம் சிரித்தது. எல்டன் காத்திருந்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, தூங்கும் குழந்தையின் முதுகில் வைப்பது போல் மெல்ல இறக்கினார். "கீழ வாங்க. இன்னும். இன்னும் கீழ."

ஆர்டிஸ் இறங்கினார், முன்வரிசை இறங்கியது, ஆண்கள் இறங்கினார்கள். மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்த பாட்டு மெல்ல மெல்ல அந்தக் கூடத்துக்குத் திரும்பி வந்தது. எல்டன் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு குரலும் அவருக்குத் தனித்தனியாகக் கேட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆண்களில் ஒருவர் அரை மாத்திரை பிந்தினார். கண்ணைத் திறக்காமலேயே எல்டனின் இடது கை அவரை மட்டும் சுட்டிக்காட்டித் திருத்தியது.

கடைசி வரிசை ஓரத்தில் வெர்னாக்காவுக்கு எல்லோருடைய வாயும் அசைவது தெரிந்தது. பியானோ எந்தச் சுரத்தில் போகிறது என்றே காதுக்குப் பிடிபடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி எப்போது மூச்சு எடுக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து ஒரு வரியை ஓட்டினார், இரண்டாவது வரியையும் ஓட்டினார். மூன்றாவது வரியில் எழுந்துவிட்டார். தன் மடக்கு நாற்காலியை ஒரு கையிலும் பாட்டுப் புத்தகத்தை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, பாடிக்கொண்டே, அத்தனை பேரும் பார்க்க வரிசைகளைச் சுற்றி முன்னால் நடந்து போய், பியானோவை ஒட்டி, வலது காது அந்தப் பக்கம் வரும்படி நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தார்.